கண்ணாடித்தாள் வால்

ராஜபாளையத்தில் மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையின் நீள ஹாலில் தெய்வானை டீச்சர் கிளைடர் செய்யக் கற்றுக்கொடுத்துவந்தார். கிளைடர் என்றால் என்ஜின் இல்லாமல் மிதக்கும் சின்ன விமானம். இது செவ்வாய் கிரகத்துக்குப் போகவேண்டியது. அங்கே காற்று ரொம்ப மெல்லிசு, துளிக் கனமும் ஆகாது. விண்கலத்தில் இதற்குக் கிடைத்த இடமோ ஒரு ஷூ பெட்டி அளவு. அதனால் உடம்பு கிடையாது, வால் கிடையாது. இறக்கை மட்டும்தான். அதையும் மடித்துப் பெட்டிக்குள் அடக்க வேண்டும்.

சீடர்கள் இரண்டு பேர். மும்தாஜ் அப்போதுதான் காலேஜ் முடித்தவள். அருளப்பன் பேங்க் வேலையை உதறிவிட்டு வந்தவர், டீச்சரைவிட வயதில் மூத்தவர். "இந்த வயசுல என்னய்யா விளையாட்டு?" என்று தெருவே கேட்டது. மனைவி கேட்கவில்லை. அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எப்படியாவது ஜெயித்தாக வேண்டும் மனிதருக்கு.

எந்த இறக்கையை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கக் குழு வந்த அன்று மும்தாஜின் இறக்கை தள்ளாடித் தள்ளாடிப் பாதி ஹாலில் விழுந்தது. அருளப்பனின் இறக்கை நேராகப் போய்க் கடைசிச் சுவரைத் தொட்டது. அடேயப்பா, என்ன கைதட்டல்! பெட்டிக்குள் அடங்குமா என்று யாரும் கேட்கக்கூட இல்லை. "இதையே எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிடத்துக்குச் சாப்பிடப் போனார்கள்.

மும்தாஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சூப்பர் அண்ணாச்சி! வால் இல்லாம எப்படி இவ்வளவு நேரா போச்சு? எனக்கும் சொல்லித் தாங்களேன்."

அருளப்பன் எதைச் சொல்லித் தருவார்? கண்ணாடித்தாளில் ஒரு சின்ன வால் வெட்டி, யாருக்கும் தெரியாமல் இறக்கையின் நடுவில் நட்டுக்குத்தாக ஒட்டியிருந்தார். வாலைச் சுருட்டி வைத்திருக்க வேண்டிய வயதில் வாலை ஒட்டியிருக்கிறார்.

"மும்தாஜ், ஒரு டீ வாங்கிட்டு வாம்மா" என்றார் டீச்சர். "நல்ல சூடா."

அவள் போனதும் பெட்டியை எடுத்து அருளப்பன் முன்னால் வைத்தார்.

"மடிச்சு வைங்க அண்ணாச்சி."

வைத்தார். மூடி மூடவில்லை. ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினார். உள்ளே வால் மடங்குகிற சத்தம் கேட்டது. டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது அருளப்பனுக்கு.

"எப்ப தெரியும் டீச்சர்?"

"பறக்கும்போதே. மேல் ஜன்னல் வெயில்ல பளிச்சுனு மின்னுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"எல்லாரும் கைதட்டினாங்க. நீங்க மட்டும் தலையைக் குனிஞ்சு நின்னீங்க. சரி, நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அருளப்பன் வாலைப் பிய்த்தெடுத்தார். மும்தாஜ் டீயோடு வந்தபோது அது அவர் உள்ளங்கையில் இருந்தது. கை முதுகுக்குப் பின்னால்தான் போகப் பார்த்தது. இழுத்து முன்னால் நீட்டினார்.

"இதாலதாம்மா நேரா போச்சு."

அவள் வாலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"தோத்துட்டேன்னு வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அருளப்பனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

டீச்சர் டீ டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் இறக்கையின் ஒரு நுனியை டம்ளரின் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, இளகியதும் முன்விளிம்பு கீழே பார்க்கும்படி லேசாக முறுக்கினார். பிறகு அடுத்த நுனியையும்.

"ஐயோ டீச்சர், அப்புறம் நுனி இறக்கையைத் தூக்கிப் பிடிக்காது. தூரம் குறையுமே!"

"குறையும். ஆனா வால் வேண்டாம். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அருளப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. "தூரம் குறைஞ்சிடுமேன்னுதான் செய்யல."

"வீசுங்க."

வீசினார். வாலில்லாத இறக்கை ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. சுவருக்கு ரொம்ப முன்னாலேயே இறங்கிவிட்டது. மும்தாஜ் போய் எடுத்துவந்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடி மூடியது.

பக்கத்துக் கட்டிடத்தில் கை கழுவும் சத்தம் கேட்டது. இனி குழுவின் வேன் கிளம்பிவிடும். அருளப்பன் ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் வாலையும் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்றுவிட்டார்.

"மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்குவேன் டீச்சர்? அத்தனை பேரும் கைதட்டினாங்களே."

டீச்சர் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார்.

"செவ்வாய்ல கைதட்ட ஆள் கிடையாது அண்ணாச்சி. வால் ஒட்டவும் ஆள் கிடையாது. போயிட்டு வாங்க."