மூன்றுக்குள் அடங்கிய எண்

மருங்கூர் ராஜாவின் சபைச் சுவரில் கோடீசுவரப் பண்டிதர் ஓர் எண்ணை எழுதினார். முதலில் இரண்டு, பிறகு நூறு சைபர், கடைசியில் ஒன்று.

“ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் இது வகுபடாது. வகுத்துக் காட்ட ஆளில்லை என்றால் ஆற்றோர மேய்ச்சல் நிலம் எனக்கு” என்றார். ராஜாவும் ஒப்புக்கொண்டார்.

அந்த நிலத்தை நம்பி மாடு வளர்ப்பவள் பேச்சி. அரண்மனைக்கு மோர் கொண்டுவந்த இடத்தில் இதைக் கேட்டவள், நேரே சபைக்குள் நுழைந்தாள்.

“மூணால வகுபடும், சாமி.”

பண்டிதர் சிரித்தார். “வகுத்துப் பார்த்தாயோ?”

“எதுக்கு? பத்தை மூணு பங்கு போட்டா ஒண்ணு மிஞ்சும். நூறைப் போட்டாலும் ஒண்ணு, ஆயிரத்தைப் போட்டாலும் ஒண்ணுதான். உங்க எண்ணுல அப்படிப் பெரிய தொகை ரெண்டு இருக்கு, அதனால ரெண்டு மிஞ்சும். கடைசியில நிக்கிற ஒண்ணைச் சேர்த்தா மூணு. பங்குக்கு ஒண்ணா வெச்சா தீர்ந்துபோச்சு.”

ராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “சரிதான். நிலம் மாடுகளுக்கே” என்றார்.

பண்டிதர் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பினார். “இன்னும் ஆயிரம் சைபர் சேர்க்கிறேன், பார்!”

“தாராளமா சேருங்க, சாமி. எண்ணுதான் நீளும், மிச்சம் நீளாது” என்று மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள் பேச்சி.