இடது ஷூவின் பள்ளம்

வலது காலுக்கு ‘கீச்’. இடது காலுக்குச் சற்று இழுத்து ‘கீ…ச்’. கூடைப்பந்துத் தளத்தில் என் அண்ணன் ஞானராஜ் ஓடினால் அவருடைய ஷூவின் ரப்பர் அடி அப்படித்தான் பேசும். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாற்பது வருடமாகிறது.

கணுக்காலை மூடும் அந்தச் சிவப்பு வெள்ளை ஷூவை ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்று என்னிடம் இரவல் வாங்கியது. பழைய மாடலை மறுபடி செய்து, ஷூ சேகரிப்பவர்களுக்கு விற்பார்களாம்.

வேலை எஸ்தரிடம் போனது. இருபது வருடம் தையல் வரிசையில் இருந்தவள், நாற்பத்தாறு வயதில் பேட்டர்ன், அதாவது தோலை வெட்டுவதற்கான அளவு அச்சு, வெட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்த தப்ரேஸ் மாஸ்டருக்கு இருபத்தொன்பது.

அவள் வெட்டிய இரண்டு சாம்பிள் சரியில்லை என்று திரும்பிவிட்டன. மூன்றாவதும் திரும்பினால் அவள் பழையபடி தையலுக்குப் போக வேண்டும்.

“இடது பெருவிரலை நசுக்குதாம்” என்றார் தப்ரேஸ்.

“அளவு தப்பல மாஸ்டர். பழைய ஷூ மேலயே டேப் ஒட்டி, உரிச்சு, அதை வச்சுத்தான் வெட்டினேன்.”

“தெரியும்க்கா. உங்க கத்தரி பொய் சொல்லாது.”

“அப்போ போட்டுப் பார்த்தவரோட கால் பொய் சொல்லுதா?”

அவர் சிரித்துவிட்டு அண்ணனின் இடது ஷூவை நீட்டினார். “கையை உள்ள விடுங்க.”

விட்டாள்.

“என்ன இருக்கு?”

“சுண்டுவிரல் பக்கம் பள்ளம். பெருவிரல் பக்கம் தேயவே இல்ல.”

“வலதுல?”

“ரெண்டு பக்கமும் சமம்.”

எஸ்தர் இடது ஷூவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“வெளி விளிம்புல ஊன்றி ஓடின மனுஷன்” என்றாள். “ஷூவே அவர் ஊன்றின பக்கம் சாய்ஞ்சிருக்கு. நான் அந்தச் சாய்வையும் வெட்டியிருக்கேன்.”

தப்ரேஸ் தலையாட்டினார்.

“ஆனா பழசு மாதிரியே வேணும்னுதானே கேட்டாங்க மாஸ்டர்?”

“ஆமாக்கா. கடையில இருந்து அவர் வாங்கிட்டு வந்த அன்னைக்கு இருந்த பழசு.”

எஸ்தர் டேப்பைச் சுருட்டிக் கூடையில் போட்டாள். கால் வடிவக் கட்டையை மேசைமேல் நிறுத்தி, முதல் கோட்டிலிருந்து தொடங்கினாள்.

ஷூவைத் திருப்பித் தர அவளே என் வீட்டுக்கு வந்தாள்.

“அவருக்கு இடது கால்ல என்னம்மா?”

“மூன்று வயதில் போலியோ. பல்கலைக்கழக அணி வரை ஆடினார்.”

இடது ஷூவை இன்னொரு முறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது சாம்பிள் தேறியது. எஸ்தர் தையல் வரிசைக்குத் திரும்பவில்லை.