சின்ன மணியின் இடம்

ஆசிரமத்து வைத்தியசாலையில் அன்று காலை ஜெபத்தில் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. இரண்டு வயதுப் பொன்மணிக்கு மறுபடியும் கை முறிந்திருந்தது. மூன்றாவது தடவை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சிஷ்யை திலகவதி, தாய்தான் அடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டினாள். குழந்தையின் தாய் மாரிக்கண்ணுவை வராந்தாவில் உட்காரவைத்தாள். போலீசுக்குப் போன் போட்டாள். அதன்பிறகுதான் குருவிடம் போனாள். காவி கட்டுமுன் அவர் டாக்டராக இருந்தவர்.

“சுவாமி, ஜீப் கிளம்பிவிட்டதாம். குழந்தையை அவளிடம் கொடுக்கவே கூடாது.”

“அடித்ததைப் பார்த்தாயா?”

“பார்க்கவா வேண்டும்? பெற்றவள் ஒருதரம்கூட அதை மார்போடு அணைக்கவில்லை. தாம்பாளத்தில் வைத்த மாதிரி ஏந்திக்கொண்டு வருகிறாள். பாசம் இருக்கிறவள் அப்படியா தூக்குவாள்?”

குரு வந்து குழந்தையின் கீழிமையை மெல்ல இறக்கினார். கண்ணின் வெள்ளை மங்கலான நீலமாக இருந்தது. திலகவதி அதை அழகு என்று கொஞ்சியிருக்கிறாள். குருவின் முகம் மாறியது.

“நீ கோத்துக்கொண்டிருந்த மாலையை எடுத்து வா.”

“இப்போதா சுவாமி?”

“இப்போதுதான்.”

அந்த ஆசிரமத்து ஜெபமாலை மூன்று சரம் சேர்த்து முறுக்கியது. சரம் நெடுக ஒவ்வொரு மூன்றாவது மணியும் கடுகளவுதான். அது உள்ளே ஒடுங்கி உட்கார்ந்தால்தான் முறுக்கு இறுகும்.

“ஒரு சின்ன மணியை எடுத்துவிட்டு, அங்கே பெரியதைக் கோத்து முறுக்கு.”

அவள் அப்படியே கோத்து முறுக்கினாள். ஓரிடம் புடைத்தது. எவ்வளவு திருகியும் சரங்கள் படியவில்லை. குரு இரண்டு விரலால் இழுத்தார். அங்கேயே அறுந்து மணிகள் தரையில் ஓடின.

“பலமாக இழுத்தேனா?”

“இல்லை.”

“எலும்புக்குள்ளும் இப்படி ஒரு கயிறு இருக்கிறது. கொலாஜன் என்பார்கள். மூன்று இழை, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மூன்றாவது மணியும் மிகச் சிறியது. கருவிலேயே அந்த இடத்தில் பெரியது ஒன்று மாறி உட்கார்ந்துவிட்டால் கண்ணின் வெள்ளை நீலமாகும், எலும்பு…”

“தூக்கினாலே ஒடியுமா?”

“ஆசையாய் இறுக்கினாலே ஒடியும்.”

திலகவதி தன் கைகளைப் பார்த்தாள். போன தடவை கட்டுப் பிரித்து அனுப்பும்போது, குழந்தையை வெடுக்கென்று வாங்கி நெஞ்சோடு இறுக்கி முத்தமிட்டவள் அவள்தான். “வேணாம்மா, வேணாம்மா” என்று அன்று மாரிக்கண்ணு பதறியது இப்போது காதில் கேட்டது.

வாசலில் ஜீப் வந்து நின்றது.

“ஐயா, எம் புள்ளைய மட்டும் பிரிச்சிராதீங்கய்யா!” வராந்தாவில் மாரிக்கண்ணு அலறினாள்.

“போலீசிடம் நான் பேசிக்கொள்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்கும் எழுதித் தருகிறேன்.” குரு வாசலை நோக்கி நடந்தார்.

“சுவாமி, நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்ன சொல்வேன்?”

குரு நின்றார்.

“ஒன்றும் சொல்லாதே. குழந்தையை எப்படித் தூக்குவது என்று கேள்.”