தோளில் ஏறிய படகு

காயல் ஓரத்தில் சவரிராயன் என்று ஒரு படகு மாஸ்டர் இருந்தார். வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. படகு கட்டித் தர மாட்டார். கட்டச் சொல்லித் தருவார். அதுவும் அவரவர் வீட்டில், அவரவர் கையால். தான் ஒரு உளியைக்கூடத் தொட மாட்டார். சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மனுஷனுக்கு மாஸ்டர் பட்டம் ஒரு கேடா என்று ஊரில் பேச்சு உண்டு. பேசட்டும், பேசுகிறவர்களுக்கு வேறென்ன வேலை.

கிராம நர்ஸ் ஜெபக்கனி ஒருநாள் அவரிடம் வந்தார். அவருக்கு வயது ஐம்பத்துமூன்று.

"எனக்கு ஒரு படகு கட்டணும் மாஸ்டர்."

"வாங்கிட்டாப் போச்சு சிஸ்டர்."

"வாங்குற படகைத் தூக்க நாலு ஆள் வேணும். நான் ஒருத்தி."

விஷயம் இதுதான். காயலுக்கு அந்தப் பக்கம் நண்டுத்திட்டு. முப்பது வீடு. அதுவும் ஜெபக்கனியின் பொறுப்புதான். கோடையில் தண்ணீர் வற்றினால் காயலின் நடுவில் கால் மைல் அகலத்துக்கு மணல் மேடு எழும்பிவிடும். மேட்டுக்கு இந்தப் பக்கமும் ஆழம், அந்தப் பக்கமும் ஆழம். பெரிய வள்ளம் மேட்டில் தட்டி நின்றுவிடும். போன கோடையில் திட்டில் ஒருத்திக்கு வலி எடுத்தபோது வள்ளக்காரன் கையை விரித்துவிட்டான். ஜெபக்கனி பையும் கையுமாக இரண்டு மணி நேரம் கரையில் நின்றார். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இந்தக் கோடையில் அதே திட்டில் பூவரசிக்குப் பிரசவ நாள். முன்கூட்டியே கரைக்கு வந்துவிடு என்றால், ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்கிறாள்.

மாஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நாளைக்கு ஹால்ல இருக்கிற சோபாவைத் தூக்கி வெளியே போடுங்க," என்றார்.

மலைவேம்புப் பலகையைக் கால் அங்குலக் கனத்தில் நீள ரீப்பர் பட்டைகளாக மில்லில் அறுத்துத் தந்தார்கள். படகின் வடிவில் வரிசையாக நிறுத்திய அச்சுகளின் மேல் ஜெபக்கனி அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டினார். மூன்று மாதத்தில், ஹாலில் ஒரு படகு கவிழ்ந்த நிலையில் உருவானது. அதன் மேல் வெளியே ஒரு அடுக்கு ஃபைபர் துணி, உள்ளே ஒரு அடுக்கு, இதுதான் மாஸ்டர் கணக்கு. துணி மேல் ரெசின் பசை பூசினால் முடிந்தது.

பக்கத்து வீட்டு மீனவர் தொம்மை வந்து எட்டிப் பார்த்தார். விரலால் சுண்டினார்.

"சிஸ்டர், இது படகா அப்பளமா?"

ஜெபக்கனி விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் மாஸ்டரிடம் கேட்டார்.

"மாஸ்டர், இது என்னைத் தாங்குமா?"

மிச்ச ரீப்பரை ஒட்டி ஒரு சின்னப் பலகை செய்யச் சொன்னார் மாஸ்டர். இரண்டு பக்கமும் ஒரு அடுக்குத் துணி. காய்ந்ததும் இரண்டு செங்கல்லின் மேல் வைக்கச் சொன்னார்.

"ஏறி நில்லுங்க."

ஏறி நின்றார். வளைந்தது. உடையவில்லை.

"சரி மாஸ்டர்," என்றார் ஜெபக்கனி. வாய்தான் சொன்னது.

தங்கை கல்யாணத்துக்காக மாஸ்டர் இரண்டு வாரம் ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது படகு நிமிர்ந்து பளபளவென்று கிடந்தது.

"தூக்குங்க சிஸ்டர்."

ஜெபக்கனி குனிந்தார். முக்கினார். ஒரு முனை எழும்பியது. மறுமுனை நகரவில்லை.

"எத்தனை அடுக்கு?"

"வெளியே நாலு. உள்ளே மூணு." தலை குனிந்துகொண்டார். "இந்தத் தொம்மை தினமும் வந்து சுண்டிட்டுப் போறார் மாஸ்டர். அவர் போனதும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. தப்பா? தாங்கணும்னுதானே பண்ணினேன்?"

"தப்பே இல்லை. ஜோராத் தாங்கும். ஆறு பேர் உட்காரலாம்."

ஜெபக்கனிக்கு முகம் மலர்ந்தது.

"கரையிலேயே," என்றார் மாஸ்டர்.

ஜெபக்கனிக்குக் கோபம் வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. இத்தனை மாத உழைப்பைத் தன் கையாலேயே தரையோடு ஒட்டிவிட்டோமே என்று இருந்தது.

"பூவரசிக்கு இன்னும் எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"ஹீட் கன் எங்கே இருக்குன்னு தெரியுமில்ல?" மாஸ்டர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஹீட் கன் ஊதும் அனல் காற்றைக் காட்டினால் ரெசின் இளகும். பட்டி பிளேடைக் கொடுத்து நெம்பினால் துணி பிரிந்து வரும். வேலை முடிந்து வந்ததும் ஜெபக்கனி உட்கார்ந்துவிடுவார். காய்ந்து ஒட்டிய பேண்டேஜைப் புண்ணிலிருந்து பிரிப்பது போலப் பொறுமையாகப் பிரித்தார். இரவல் வாங்கிய ஃபேன் புகையை வெளியே தள்ளியது. ஏழாம் நாள் உள்ளேயும் வெளியேயும் இரண்டிரண்டு அடுக்கு மிஞ்சியபோது கை நின்றுவிட்டது.

"இந்த ரெண்டாவது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே மாஸ்டர்."

"தூக்கிப் பாருங்க."

தூக்கினார். தோளில் ஏறிவிட்டது! வாசலைத் தாண்டித் தெருவில் முப்பது அடி நடந்தார். நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் முகத்தில் வெற்றி.

"மேடு கால் மைல்," என்றார் மாஸ்டர்.

ஜெபக்கனி படகை இறக்கி வைத்தார். மூச்சு வாங்கியது.

"ஒண்ணு போதும்னு எப்படி மாஸ்டர் நம்புறது?"

"பிரசவம் பார்க்கிறப்பக் கையுறை போடுவீங்களா?"

"போடாம?"

"எப்படி இருக்கும்?"

"மெல்லிசா இருக்கும்."

"தடியாப் போட்டுக்கலாமே. கிழியாது."

"நல்லாச் சொன்னீங்க போங்க! தடியாப் போட்டா, பிள்ளை வழுக்குறது கைக்குத் தெரியவே..."

ஜெபக்கனி பாதியில் நிறுத்தினார். மாஸ்டர் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். ஹீட் கன் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது.

பத்தாம் நாள் காலையில் திட்டிலிருந்து போன் வந்தது. பூவரசிக்கு வலி.

ஜெபக்கனி மருந்துப் பையை முதுகில் மாட்டினார். ஒற்றை அடுக்குப் படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு காயலுக்கு நடந்தார். ஊரே கரையில் நின்றது. முதல் ஆழத்தைத் துடுப்புப் போட்டுக் கடந்தார். மணல் மேட்டில் இறங்கினார். படகு மறுபடியும் தோளில் ஏறியது. கரையிலிருந்து பார்த்தால் படகுக்கு இரண்டு கால் முளைத்து நடந்து போவது போல் இருந்தது.

"அடேங்கப்பா!" என்றார் தொம்மை. சுண்டின விரல் மூக்கின் மேல் போனது.

அங்கே போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். பிள்ளை போட்ட சத்தத்தில் ஆடெல்லாம் மிரண்டதாகக் கேள்வி.

மறுநாள் காலை ஜெபக்கனி திரும்பி வந்தார். மாஸ்டர் வாசலில் காத்திருந்தார். படகை இறக்கி வைத்துவிட்டு ஜெபக்கனி அவர் எதிரில் உட்கார்ந்தார். சந்தோஷத்தில் முகம் பூரித்திருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று உறுத்தியது.

"மாஸ்டர், உங்ககிட்ட மறைக்க மாட்டேன். போகும்போதும் பயந்தேன், வரும்போதும் பயந்தேன். இவ்வளவு செஞ்சும் இந்தப் பயம் போகலையே. அதை என்ன பண்றது?"

"அது பாட்டுக்குக் கூட வரட்டும் சிஸ்டர்," என்றார் மாஸ்டர். "அதுக்கு எடை கிடையாது."