துப்பாக்கிக்குள் புகுந்த திருடன்

உன்னைத்தான் சொல்கிறேன். எந்த ஊர்ப் பட்டறையில் உட்கார்ந்து அந்தக் கோலை அடித்தாயோ, உன் பேர் என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனைக்கும் காரணம் நீதான். ஒரே ஒரு கோடு! அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்திருந்தால் முடிந்திருக்கும். அதற்கு உன் கை வலித்தது.

நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாக வெடிமருந்து, தேங்காய் நார், ஈய ரவை என்று வரிசையாகப் போட்டு, ஒரு கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அந்தக் கோலுக்குப் பித்தளை முனை வைத்தாய். உள்ளங்கை நோகாமல் அழுத்த மரக்குமிழ் வைத்தாய். குழலைத் துடைக்கப் பிரஷ், கெட்டித்ததைத் திரும்ப உருவத் திருகுமுள், எல்லாம் வைத்தாய். அளவுக் கோட்டை மட்டும் வாங்குகிறவனே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாய். வாங்கியது யார் தெரியுமா? பொந்துக்காட்டுக்காரர்கள்!

பொந்துக்காடு மலையடிவாரத்து ஊர். ஊருக்கே லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ஒன்றுதான். அது தலைவர் பெத்தணன் வீட்டில் இருந்தது. பழைய கோலில் அவர் சம்சாரம் ஈரப் போர்வையைக் காயப்போட்டு ஒடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து சிலம்பாயியின் கடலைக்காட்டில் காட்டுப்பன்றி இறங்கியது. இரண்டு குறுக்கம் நிலத்தில் நிலக்கடலை, பறிக்க இன்னும் ஒரு வாரம். அது போனால் அவளுக்கு வருஷச் சாப்பாடும் போச்சு, அடுத்த விதைப்புக்கு விதையும் போச்சு. தனி மனுஷி.

சந்தை சந்தையாகச் சாமான் விற்கிற நான், உன் கோல் செட்டோடு அங்கே போய் இறங்கினேன்.

"ஒரு கிடாயைக் கொடு, செட்டை எடுத்துக்க" என்றேன்.

"கோழி தாரேன்" என்றாள் சிலம்பாயி.

"கோழிக்கு அந்தக் குமிழை மட்டும் கழட்டித் தரவா?"

"கோவிச்சுக்கிட்டா எப்படி அண்ணாச்சி? பன்னி போயிருச்சுன்னா கிடா. போகலைன்னா கோழியும் கிடையாது."

சந்தையில் மிதிபட்டு வியாபாரம் படித்தவன் நான். இப்படிப்பட்ட பேச்சுக்கெல்லாம் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஆனால் கோல் நல்ல கோல், பன்றி எப்படியும் போய்விடும். தலையை ஆட்டித் தொலைத்தேன்.

பெத்தணன், அவர் மச்சான் ஒச்சுக்காளை, ஊரிலேயே நிறைய யோசிக்கிறவன் என்று பேரெடுத்த கொண்டல்சாமி, மூன்று பேரையும் உட்காரவைத்துத் தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னேன். குழல் வாய்க்கு நேரே எவன் முகமும் இருக்கக் கூடாது. கோலை ஒரே குத்தாகக் குத்தாமல் ஒவ்வொரு சாணாகப் பிடித்து இறக்கணும். சுடுவதற்கு முன்னால் கோலை வெளியே எடுத்துவிடணும். அடித்தால் நெருப்புப் பொறி பறக்கும் கேப்பு என்ற சின்ன மூடியைக் கடைசியில்தான் வைக்கணும். முக்கியமாக, காலிக் குழலில் கோலை இறக்கி, வாயோரமாக ஒரு கரிக்கோடு போட்டுக்கொள்ளணும். பிறகு எப்போது இறக்கிப் பார்த்தாலும், கோடு வாய்க்கு நேராக நின்றால் துப்பாக்கி காலி. கோடு மேலே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது.

"புரிஞ்சுதா?"

"இதுல புரியாம இருக்க என்ன இருக்கு?" என்றார் பெத்தணன். அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் கிடாய்க்குக் கயிறோடு போனேன். கடலைக்காட்டில் பாதி உழுதுபோட்ட மாதிரி கிடந்தது. வரப்பில் துப்பாக்கியை நிமிர்த்தி ஒரு கல்லில் சாத்தியிருந்தார்கள். கோல் ஒரு முழத்துக்கு மேலே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஏழு ஆண்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவதாக ஒருவன் பாறைமேல் நின்று வானத்தைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தான்.

"அவன் என்னய்யா பண்றான்?"

"குருவி விரட்டுறான்" என்றான் ஒச்சுக்காளை. "குழல் மேலே பார்த்துல்ல இருக்கு. எவன் முகமும் நேரே இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? குருவிக்கு மட்டும் முகம் இல்லையா?"

"சரி, நீங்க ஏழு பேரும்?"

"காவல்."

"முதுகைக் காட்டிக்கிட்டா?"

"முகத்தைக் காட்டக் கூடாதே அண்ணாச்சி."

பெத்தணன் எழுந்து வந்து என் காதில் சொன்னார்: "துப்பாக்கிக்குள்ள திருடன் புகுந்துட்டான்."

நடந்ததை அவர்கள் வாயாலேயே கேட்டேன். முதல் நாள் நான் சொன்னபடி கோடு போட்டார்கள். மருந்து, நார், ரவை போட்டு, சாண் சாணாகப் பிடித்துக் கெட்டித்தார்கள். யார் சாண் என்று மட்டும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் தலைவர் சாண்தான் மரியாதை என்று முடிவாயிற்று. கெட்டித்தபின் பார்த்தால் கோடு நாலு விரற்கடை மேலே நின்றது.

"கோடு இடம் மாறிப்போச்சேன்னு பதறிட்டோம்" என்றார் பெத்தணன்.

கொண்டல்சாமி யோசித்தானாம். வாயோரம் போட வேண்டிய கோடு வாயோரம் இல்லையென்றால் அது போட்டவன் தப்பு. எச்சிலைத் தொட்டுக் கோட்டை அழித்தான். வாயோரமாகப் புதுக் கோடு போட்டான். எல்லோருக்கும் மனசு ஆறியது.

"அப்புறம்தான் அண்ணாச்சி எனக்குச் சந்தேகம் வந்துச்சு" என்றான் கொண்டல்சாமி. "கோடு வாய்க்கு நேரா நிக்குது. அப்படி நின்னா துப்பாக்கி காலின்னு நீங்க சொன்னீங்க. இப்பத்தானே கெட்டிச்சோம்? அதுக்குள்ள மருந்து எங்க போச்சு?"

"எவனோ எடுத்துட்டான்" என்றான் ஒச்சுக்காளை.

மறுபடி கெட்டித்தார்கள். மறுபடி கோடு ஏறியது. மறுபடி அழித்துச் சரியாகப் போட்டார்கள். மறுபடி காலி! மூன்று நாளில் ஏழு தடவை. திருடன் லேசுப்பட்டவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. காவல் போட்டார்கள். அப்படியும் ஒருத்தன் கண்ணிலும் படாமல் திருடிக்கொண்டே இருந்தானாம்.

"பன்னி வரலையா?" என்று கேட்டேன்.

"வராம என்ன? பதினஞ்சு வந்துச்சு. ஒவ்வொரு பன்னி வாயையும் மோந்து பார்த்தோம். மருந்து வாடை இல்லை. நிரபராதின்னு விட்டுட்டோம்."

"எடுத்துச் சுடுறதுக்கு என்னய்யா?"

பெத்தணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "காலித் துப்பாக்கியைக் காட்டி வாயில்லா ஜீவனை ஏமாத்தச் சொல்றீரா?"

சிலம்பாயி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். "காட்டைப் பார்க்க ஆளில்லை, ஓட்டைக் குழாயைப் பார்க்க ஏழு தடியன்கள்" என்றாள்.

ஏழு கெட்டிப்பு! ஒரு பொறி பட்டிருந்தால் துப்பாக்கியோடு பொந்துக்காடும் சேர்ந்து பறந்திருக்கும்.

"கேப்பு வச்சீங்களாடா, பாவிகளா?"

"காலித் துப்பாக்கிக்குக் கேப்பு எதுக்கு?" என்றான் கொண்டல்சாமி. அந்தப் புத்திதான் அத்தனை உயிரையும் காப்பாற்றியிருக்கிறது.

எல்லோரையும் நூறு அடி தள்ளி விரட்டினேன். கோலை உருவினேன். குழலில் தண்ணீரை ஊற்றி ஊறப்போட்டேன். பிறகு வாயை ஆளில்லாத பாறைப் பக்கம் சாய்த்து, நான் பக்கவாட்டில் நின்றுகொண்டு, திருகுமுள்ளைக் கோலில் மாட்டி ஒவ்வொன்றாக உருவினேன். நார் வந்தது. ரவை கொட்டியது. மருந்து கருஞ்சேறாக வழிந்தது. அடுத்த நார், அடுத்த ரவை. தட்டிக் கொட்டிவிட்டுப் பார்த்தால் ஏழும் வந்திருந்தன. சட்டை நனைந்துவிட்டது, தண்ணீரால் அல்ல.

நிமிர்ந்தேன். ஊரே என்னைச் சுற்றி நின்றது. கையெடுத்துக் கும்பிடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மச்சான், நீ என்ன நினைக்கிறே?" என்றார் பெத்தணன்.

"நீங்க நினைக்கிறதைத்தான் மாமா" என்றான் ஒச்சுக்காளை.

கொண்டல்சாமி தொண்டையைச் செருமினான். "மூணு நாள் காவல் காத்தோம். ஒரு ரவை கண்ணுல படலை. இவரு வந்தாரு, நம்மளை எட்டத் துரத்தினாரு, ஏழையும் எண்ணி எடுத்தாரு. ஒளிச்சு வச்ச இடம் ஒளிச்சவனுக்குத்தானே தெரியும்?"

நான் கத்தின கத்தலில் பாறைமேல் நின்றவன் கீழே விழுந்தான். பயனில்லை. தீர்ப்பு வந்துவிட்டது: கடலை பறித்து முடியும்வரை திருடனே காட்டைக் காவல் காக்க வேண்டும். நான் நகர்ந்தால் தெரியட்டும் என்று கொண்டல்சாமி என் கணுக்காலில் ஒரு கரிக்கோடு போட்டான்.

நான் அந்தக் கோலை எடுத்து ஒரு காலித் தகர டின்னைத் தட்டினேன். என் கோபம் முழுக்க அந்த டின்னில் இறங்கியது. பன்றிகள் மலையைத் தாண்டி ஓடின. மூன்றே நாள்தான். சிலம்பாயி மீதிப் பாதியைப் பறித்தாள். வருஷச் சாப்பாட்டில் இழுபறிதான், ஆனால் விதைக்கடலை தப்பியது.

"பன்னி போயிருச்சு. கிடாயை அவிழ்த்து விடு" என்றேன்.

"தாரேன் அண்ணாச்சி. பேச்சு பேச்சுதான். ஆனா தலைவர் விடணும்ல" என்றாள்.

"கைதிக்குக் கிடா கொடுக்கிற வழக்கம் இல்லை. கோடு அழியட்டும்" என்றார் பெத்தணன். கோடு எப்படி அழியும்? கொண்டல்சாமிதான் தினமும் புதுப்பிக்கிறானே!

எனக்கு வெறுத்துவிட்டது. சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் கண்ணெதிரிலேயே நடந்தேன். ஒச்சுக்காளை ஓடிவந்து குனிந்து என் கணுக்காலைப் பார்த்தான்.

"கோடு அதே இடத்துலதான் இருக்கு மாமா! ஆள் நகரலை!"

"நல்லது" என்றார் பெத்தணன்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கிடாயை அனுப்பச் சொல்லி ஆள்விட்டேன். 'அவர்தான் இங்கேயே இருக்கிறாரே, வெளியூருக்கு எதுக்கு அனுப்பணும்? காட்டிலேயே அவர் பக்கத்தில் கட்டியாச்சு' என்று பதில் வந்திருக்கிறது. தினம் என் பேருக்கு ஒரு உருண்டை களியும் வைக்கிறார்களாம். கிடாய்தான் தின்கிறதாம்.

ஆகவே, கோல் அடித்தவனே, எங்கே இருந்தாலும் எழுந்து வா. அரத்தோடு வா. பொந்துக்காட்டுக் கோலில் யாரும் அழிக்க முடியாதபடி ஒரு கோட்டை ராவிக் கொடு. கொடுத்துவிட்டு, அந்தக் காட்டில் இருக்கிற என்னையும் என் கிடாயையும் அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவை!