ஒரு சைஸ் பெரிசு

நஸீமா வண்டியை நிறுத்துவதற்குள் வேலாயுதம் வாசலுக்கே ஓடிவந்துவிட்டார். கம்ப்யூட்டரில் வரைந்தபடியே மரம் செதுக்கும் குட்டி சிஎன்சி மெஷினை அவருக்குப் பழக்கிவிட்டவள் அவள். மகள் வயசுதான். ஆனாலும் அவருக்குக் குரு.

"குருவே, நாளைக்குப் பேத்தியைத் தொட்டில்ல போடுறோம். பேரைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி!"

தொட்டில் பலகையில் 'யாழ்மொழி' என்றிருந்தது. இரண்டு 'ழ'வும் குளிரில் நடுங்குவதுபோல நெளிந்திருந்தன.

"இன்னும் ஒரே பலகைதான் மிச்சம்" என்றார்.

"மெஷின்ல எதை மாத்துனீங்கண்ணே?"

"நல்லதுக்குத்தான் மாத்தினேன். வெட்டுமுனையைச் சுத்துற மோட்டார், அந்த ஸ்பிண்டில், அதைப் பெரிசா வாங்கிப் போட்டேன். வளர்ற பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிசாத்தானே சட்டை எடுப்போம்?"

நஸீமா சிரித்தாள். கரண்டை அணைத்தாள். ஸ்பிண்டிலைக் கழற்றி, வெட்டுமுனை மாட்டுகிற வாயில் ஒரு பென்சிலைச் செருகினாள்.

"பிடிங்க. முழங்கை மேஜையில படக்கூடாது. பேத்தி பேரை எழுதுங்க."

'யா' தேறியது. 'ழ்' வரும்போதே தோள் இறங்கிவிட்டது.

"பென்சில் சரியில்லையாண்ணே?"

"பென்சில் என்ன பண்ணும்? கை தாங்கலையே!"

சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்தார். இந்தக் கனத்தை அதுவரை தூக்கிப் பிடித்திருந்த ஒல்லிச் சட்டத்தைப் பார்த்தார். உள்ளே போய்ப் பழைய ஸ்பிண்டிலை எடுத்துவந்தார்.

மாட்டி, மூலைமட்டம் வைத்து, நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தார். கடைசிப் பலகையை வைத்ததும் கை தயங்கியது.

"இது நோஞ்சானாச்சே குருவே. அவ்வளவு ஆழம் வெட்டுமா?"

"உங்க மகளுக்குச் சோறு ஊட்டினீங்களே, கிண்ணத்தை அப்படியே வாயில கவுத்தீங்களா?"

வேலாயுதம் ஒரு தடவைக்கு வெட்டும் ஆழத்தைக் கொஞ்சமே கொஞ்சமாக வைத்தார். மெஷின் போன தடத்திலேயே திரும்பத் திரும்பப் போனது. ஒவ்வொரு தடவையும் வெங்காயத் தோல் அளவுக்கு மரத்தைச் சீவியது.

தூளை ஊதிவிட்டு, 'ழ'வின் வால்மேல் கட்டைவிரலை ஓட்டினார். எங்கும் இடறவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

பிறகுதான் மூலையில் கிடந்த பெரிய ஸ்பிண்டில் கண்ணில் பட்டது.

"ஆசையா எடுத்த சட்டை வீணாப்போச்சே, குருவே."

"சட்டை நல்ல சட்டைதாண்ணே" என்றாள் நஸீமா, மெஷினின் ஒல்லிச் சட்டத்தைத் தட்டி. "இந்தப் பிள்ளைதான் வளராது."