எந்த ஊர் மழை

ராமநாதபுரத்துச் சீமையில் ஒரு சிறிய மடம். அதன் குரு மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் இருளாண்டிக்கு ஐம்பத்தாறு. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணே என்பார்.

மாசி மாதம். ஊரார் மிளகாய்ப் பழத்தைக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். மழை இல்லை என்று செல்போனில் செய்தி வந்திருந்தது. மத்தியானம் கொட்டித் தீர்த்தது. அரை ஏக்கர்க்காரி சொர்ணத்தின் பழம் மொத்தமும் ஊறி அழுகிப்போனது.

இருளாண்டி விசாரித்தார். வானிலைக் கருவி அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வந்த செய்தி அந்த ஊர் வானத்துக்கானது. மேற்கு மாவட்டங்களிலோ தோட்டத்துக்கு ஒரு கருவி. மண்ணில் ஈரம் குறைந்தால்கூடச் செல்போன் சொல்லிவிடுமாம்.

கொதிப்போடு குருவிடம் வந்தார்.

"அம்மா, அறிவு எல்லாருக்கும் பொதுன்னு சொன்னீங்க. அது ஏன் மேற்கே மட்டும் போய் உக்காந்திருக்கு?"

மண்ணைத் தொட்டுப் பார்த்தால் போதாதா, கருவி எதற்கு என்றுதான் குரு சொல்வார் என்று நினைத்தார். அப்படிச் சொன்னால் மடத்தை விட்டே போய்விடுவது என்று தீர்மானித்திருந்தார் இருளாண்டி.

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்கண்ணே, கேட்டுட்டு வருவோம்."

வேளாண்மை அலுவலகம் ஒன்பது கிலோமீட்டர். நடந்தே போனார்கள். திங்கட்கிழமை மனு வாங்கும் நாள்; ஊருக்கு ஒரு கருவி கேட்டு எழுதிய மனுவை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை அதிகாரி இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை மனுவைக் காணோம் என்றார்கள். குரு அங்கேயே உட்கார்ந்து இன்னொன்று எழுதினார்.

சித்திரையில் சொர்ணமும் கூட நடந்தாள். ஆடியில் பதினேழு பேர் ஆனார்கள்.

ஒருநாள் அதிகாரியே வெளியே வந்தார்.

"அங்கெல்லாம் பெரிய பெரிய தோட்டம்மா. உங்க பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர். இதுக்குக் கருவி வச்சு என்ன ஆகப்போகுது?"

குரு சொர்ணத்தைக் காட்டினார்.

"பெரிய தோட்டக்காரர் ஒரு மழையைத் தாங்கிருவாரு சார். இவ தாங்க மாட்டா."

அதிகாரியே மனுவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தை மாதம் கருவி வந்தது. மடத்தில் வைக்கலாம் என்றார்கள். குரு சொர்ணத்தின் மிளகாய்க் காட்டோரம் கம்பம் நடச் சொன்னார்.

பத்தாம் நாள் காலை ஊரில் எல்லார் செல்போனிலும் செய்தி வந்தது: மாலைக்குள் மழை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பழத்தை அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நாலு மணிக்கு வானம் பொத்துக்கொண்டது. ஒரு பழம் நனையவில்லை. சொர்ணம் மழையில் நின்று சிரித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. இருளாண்டி காலை நீட்டி உட்கார்ந்தார்.

"அப்பாடா. நமக்கு வந்துருச்சும்மா. இனிமே நடக்க வேண்டியதில்லை."

குரு புது மனு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

"எட்டூர் தள்ளி வேப்பங்குளம் இருக்கே. அவங்களுக்கு வந்துருச்சாண்ணே?"